புதன்கிழமை நீச்சத்தண்ணி

புதன்கிழமை என்றால் சோற்றைப் பருக்கை தெரியாமல் பிசைய வேண்டும். மற்ற நாட்களில் அந்தப் பாடு கிடையாது. ராத்திரிச் சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீரைச் சொம்பில் சாய்த்து, கல்லுப்புப் போட்டு, இரண்டு சின்ன வெங்காயத்தைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிப் போட்டால் நீச்சத்தண்ணி ஆயிற்று. அடியில் நாலு பருக்கை கிடந்தால் கிடக்கும். ஆனால் மாதத்தில் ஒரு புதன்கிழமை செல்வமணிக்கு ரத்தம் எடுக்கிற நாள். ஒன்றும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

வீரபாண்டி சொன்னது சொன்னபடி செய்கிற ஆள். சுவர் ஒரு நூல் விலகினாலும் இடித்துவிட்டுக் கட்டுகிற கொத்தன். சோறு கூடாது என்றால் கூடாதுதான். எனவே இரண்டு பிடி சோற்றை அந்தத் தண்ணீருக்குள்ளேயே விட்டு, கை வலிக்கப் பிசைந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, விளக்கு வெளிச்சத்தில் சொம்பைச் சாய்த்துப் பார்ப்பான். ஒரு பருக்கை இராது. பால் மாதிரி இருக்கும்.

"குடிட்டி."

"இன்னைக்கு ரத்தம் எடுக்கணும்லா?"

"இது என்ன சாப்பாடா? பாரு, ஒரு பருக்கை கெடக்கா?"

செல்வமணி எட்டிப் பார்ப்பாள். கிடக்காது. வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, திருவனந்தபுரம் கரமனையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடப்பாள். போனால் ஆறு மணிக்குச் சீட்டு, ரத்தம் எடுக்க எட்டரை, டாக்டரைப் பார்த்து வெளியே வர மத்தியானம் ஆகிவிடும். அவ்வளவு நேரம் நிற்க வேண்டுமே என்றுதான் இரண்டு பிடி.

அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் இருந்த பதினோரு குடும்பமும் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். யாரைக் கேட்டாலும் வீரபாண்டி சொன்னதையே சொல்லியிருப்பார்கள். தட்டைப் போட்டு உட்கார்ந்தால் அது சாப்பாடு. விடியற்காலையில் நின்றபடி உள்ளே ஊற்றிக்கொள்வது மூஞ்சி கழுவுகிற மாதிரி. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டில் அடுப்பு வேலை முழுக்கச் செல்வமணியுடையது. இந்த ஒரு சொம்பு மட்டும் வீரபாண்டியுடையது. அதற்குக் காரணம் உண்டு. திருவனந்தபுரத்துக்கு வந்த முதல் வருஷம், எண்பத்து நாலில், அவள் ஆறு மாசம். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஒன்றும் குடிக்காமல் ஓடினாள். மணல் சட்டியோடு படியேறும்போது கண் இருட்டி விழுந்தாள். வயிற்றில் இருந்தது போயிற்று. பிறகு ஒன்றும் தங்கவில்லை. வீரபாண்டி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாளிலிருந்து அவளுக்கு முன்னால் எழுந்தான். பதினாலு வருஷமாக எழுந்துகொண்டிருந்தான்.

கட்டட வேலையில் புருஷன் பெண்டாட்டி ஜோடியாக நிற்பது உண்டு. ஆனால் இவர்கள் இருவரும் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். சாரத்தில் நிற்கும் வீரபாண்டி திரும்பிப் பார்க்க மாட்டான். செங்கல்லில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவான். கலவைச் சட்டி அவன் இடது கைப்பக்கம் வந்து உட்காரும். பூச்சுக்கு என்றால் இளக்கமாக, கட்டுக்கு என்றால் இறுக்கமாக, கேட்காமலே வரும். மற்ற கொத்தன்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். தெக்கே பாறசாலைப் பக்கத்துக்காரரான தலைமை மேஸ்திரி நேசையன், "ரெண்டு பேருக்கும் எடையில கரண்டு வயரு இழுத்து வச்சிருக்கியளா?" என்று கேட்பார்.

போன வருஷம் அவளுக்குக் காலில் ஒரு சிராய்ப்பு இரண்டு மாதமாக ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். அரை மாத்திரை கொடுத்தார்கள். ஒரு தாளும் கொடுத்தார்கள். அதை அடுத்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மலையாளத்தில் வாசித்துச் சொல்லிற்று: சோறு ஒரு கப், ராத்திரி இரண்டு சப்பாத்தி, ஓட்ஸ், ஆப்பிள் பாதி, காலையில் அரை மணி நேரம் நடை.

"கப்புன்னா எந்தக் கப்பு?" என்றாள் செல்வமணி.

வீட்டில் சொம்பு இருந்தது, சட்டி இருந்தது, இரண்டு தட்டு இருந்தது.

"நடை வேற நடக்கணுமாம்" என்றான் வீரபாண்டி.

"தெனம் எரநூறு சட்டி மாடிக்கு ஏத்துதேன். அதுக்கு எடையில எப்ப நடக்க? அவுகளுக்கு நம்ம வேலைய யாரும் சொல்லல போல."

மத்தியானச் சோற்றைப் பாதியாகக் குறைத்தாள். அவளால் முடிந்தது அதுதான். ரத்தம் பார்த்தால் இருநூற்று முப்பத்தாறு. அரை மாத்திரை ஒன்றாயிற்று. அடுத்த மாதம் இருநூற்று நாற்பத்தெட்டு. காலையில் இரண்டு, ராத்திரி ஒன்று. அதற்கடுத்தது இருநூற்று அறுபத்தொன்று. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அடுத்த மாதமும் இப்படியே வந்தால் தினமும் ஊசி என்று சொல்லிவிட்டார். ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், வெயிலில் சுமக்கிற வேலையெல்லாம் யோசித்துத்தான் செய்ய வேண்டும். டாக்டர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. தாளில் இருந்த எண்ணைப் பார்த்துச் சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் அந்த நடுக்கம் வர ஆரம்பித்தது. பதினோரு மணிவாக்கில் கை ஆடும். நெஞ்சு படபடக்கும். சர்க்கரை கூடுகிறது என்று நினைத்து, செல்வமணி மத்தியானச் சோற்றில் இன்னும் ஒரு பிடி குறைத்தாள்.

அப்போது வேலை ஸ்ரீவராகத்தில். சரஸ்வதியம்மாள் என்கிற அம்மாளின் பழைய வீட்டுக்குப் பின்கட்டில் மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தைந்து வயசிருக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிமென்ட் எத்தனை சட்டி போகிறது என்பதிலிருந்து யார் எத்தனை பீடி குடிக்கிறார்கள் என்பது வரை பார்த்துக்கொண்டிருப்பாள். வேலையாட்களுக்குத் தண்ணீர் குடிக்கக் குழாயடியில் ஒரு அலுமினியக் குவளை சங்கிலி போட்டுக் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை. வீரபாண்டி கரண்டியால் இரண்டு தட்டு தட்டினான். சட்டி வரவில்லை. இன்னும் இரண்டு தட்டினான். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான்.

செல்வமணி சாரத்தின் முதல் பலகையில் ஏறி, தலையில் சட்டியோடு அப்படியே நின்றாள். மழையில் நனைந்த மாதிரி வேர்வை. உதடு வெளுத்திருந்தது.

"ஏட்டி?"

"கதவைச் சாத்துங்க, காத்து வருது" என்றாள். அங்கே கதவு எதுவும் கிடையாது.

வீரபாண்டி மேல் பலகையிலிருந்து குதித்துச் சட்டியைத் தட்டிவிட்டான். கலவை முழுதும் அவன் முதுகில் கொட்டியது. அவள் அவன்மேல் சரிந்தாள். கீழே இறக்கிப் பின்வாசல் நிழலில் கிடத்தினார்கள். நேசையன் ஓடி வந்து, "ஆரெங்கிலும் ஒரு சர்பத் வாங்கிட்டு வாங்கலே" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. சர்க்கரைக்காரி. சீனி உள்ள போச்சுன்னா செத்துருவா."

சரஸ்வதியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். "வேர்த்துருக்கே. கை நடுங்கித்தா? பினாத்தினாளா?"

"ஆமா."

"இது கூடினதில்லை. தாழ்ந்துபோயிடுத்து." உள்ளே போனாள். எவர்சில்வர் டம்ளரில் சீனியைக் கொட்டித் தண்ணீர் விட்டு விரலாலேயே கலக்கிக்கொண்டு வந்தாள். "வாயைத் திறக்கச் சொல்லு."

வீரபாண்டி தன் உள்ளங்கையால் செல்வமணியின் வாயைப் பொத்திக்கொண்டான். கையெல்லாம் சிமென்ட். "வேண்டாம்மா. எரநூத்தி அறுவத்தொண்ணு இருக்கு அவளுக்கு. தாள் வச்சிருக்கேன்."

"தாளை நீ வச்சுக்கோ. பதினாறு வருஷமா எனக்கும் இதே வியாதி. இப்படி நான் எத்தனை தரம் விழுந்திருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். கையை எடு."

அவன் எடுக்கவில்லை. செல்வமணிதான் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து விலக்கினாள். டம்ளரை வாங்கி, மூச்சு விடாமல் குடித்தாள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்து வெட்கப்பட்டாள். "உங்க முதுகுல என்ன, ஒரு சட்டிக் கலவை இருக்கு" என்றாள் புருஷனிடம்.

வீரபாண்டி டம்ளரைக் கழுவிப் படியில் வைத்தான். "அதை அவளே வச்சுக்கட்டும்" என்றாள் சரஸ்வதியம்மாள். அன்பில் சொன்னதா, தீட்டில் சொன்னதா என்று வீரபாண்டி ஆராயவில்லை. டம்ளர் நல்ல கனம். அந்த அம்மாள் ஒரு காகிதத்தில் சீனியும் மடித்துக் கொடுத்தாள். "மடியில முடிஞ்சுக்கோடி. இது இல்லாம வெளில போகாதே." பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி, "எனக்கு ஆத்துக்கே வந்து ரத்தம் எடுத்துண்டு போறான். ஆறு மணிக்குக் குத்தினா ஆறே காலுக்கு இட்லி. நீ எப்போ சாப்பிடுவே?" என்று கேட்டாள்.

"அது ஆவும்மா, மத்தியானம்" என்றாள் செல்வமணி.

சாயங்காலம் நேசையன் வீரபாண்டியைத் தனியாகக் கூப்பிட்டார். பீடியைப் பற்ற வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "நான் செல்லுகத கேளு. இன்னைக்கு முதல் பலகை. நாளைக்கு மூணாம் பலகையில இருந்து விழுந்தா ஆரு பதில் செல்லுகது? புதன்கிழமை போய் டாக்டர்கிட்ட கேளு. நோய் அடங்குச்சுன்னா ஏறட்டு. ஊசின்னு சொன்னா ஊருக்கு அனுப்பிப் போடு, கேட்டியா. வேற ஆளு நான் தாறேன் ஒனக்கு."

"வேற ஆளுக்கு என் தட்டு தெரியாது அண்ணாச்சி."

"தெரியாண்டாம். நீ வாயத் தொறந்து கேளு. எல்லாவனும் அப்படித்தான் கேக்கான்."

வீட்டுக்கு வந்து செல்வமணி உலை வைத்தாள். வீரபாண்டி வாசலில் குந்தியிருந்தான். ஊர் என்றால் சுரண்டைக்குப் பக்கத்தில் அவள் அண்ணன் வீடு. அந்த வீட்டில் சாய்ப்பாக இறக்கிய ஒரு பத்தி காலியாக இருந்தது. ஆடு கட்டுகிற பத்தி.

"மதினி சோறு போடுவா. கூடவே ரெண்டு வார்த்தையும் போடுவா" என்றாள் செல்வமணி. "அது கெடக்கட்டும். நீங்க இங்க என்ன செய்வீய? ஒரு கொழம்புக்கு உப்புப் போடத் தெரியாது."

"நீச்சத்தண்ணிக்குப் போடத் தெரியும்."

"ஆமா. அதைக் குடிச்சே சுவரு கெட்டுங்க."

சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகை அவ்வளவு ஒன்றும் இல்லை.

வீரபாண்டிக்கு ஒன்று விளங்கவில்லை. அந்த அம்மாள் தாழ்ந்துபோயிற்று என்கிறாள். சீனி குடித்ததும் இவள் எழுந்ததைக் கண்ணால் பார்த்தான். தாளில் இருப்பது இருநூற்று அறுபத்தொன்று. இரண்டும் எப்படி ஒரே உடம்பில் இருக்கும்?

அந்தப் புதன்கிழமை முதல் தடவையாக அவனும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனான். இதுவரை வேலையை விட்டுவிட்டுப் போனதில்லை. மனசு கேட்கவில்லை என்பதால் காலையில் மூன்று பிடி பிசைந்து கொடுத்தான். வழியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று தூக்குவாளியில் இன்னொரு சொம்பளவு எடுத்துக்கொண்டான்.

வரிசை வராந்தாவைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நின்றது. மீன் விற்கிற பெண்கள், பென்ஷன்காரர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். எட்டேகாலுக்கு ஜன்னலை நெருங்கும்போது செல்வமணி சுவரில் சாய்ந்தாள். அவன் வாளியைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினான். அவள் குடித்துக்கொண்டிருக்கும்போதே பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஜன்னலுக்கு உள்ளே ரத்தம் எடுக்கிற நர்ஸ் ஜெபமலர். களியக்காவிளைப் பக்கம். மலையாளமும் தமிழும் ஒரே மூச்சில் வரும். செல்வமணியின் புஜத்தில் ரப்பரைக் கட்டிவிட்டு, அவள் மேலுதட்டில் வெள்ளையாக இருந்ததைப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த வாளியில என்னது?"

"ஒண்ணுமில்ல தாயி. நீச்சத்தண்ணி."

"ஆருக்கு?"

"இவளுக்குத்தான். காலையில குடிச்சா. வரிசை நீளமா இருக்கேன்னு இப்பக் கொஞ்சம்."

ஜெபமலர் ஊசியைத் தட்டில் வைத்தாள். "காலையிலயும் குடிச்சாளா?"

"ரத்தம் எடுக்குத எல்லாப் புதன்கிழமையும் நான்தான் கொடுத்து அனுப்புவேன்." சந்தேகப்படுகிறாளோ என்று நினைத்து வீரபாண்டி விளக்கினான். "நீங்க சொன்னபடிதான் தாயி. சாப்பிடக் கூடாதுன்னீங்க. ஒரு பருக்கை இல்லாம பிசைஞ்சு, துணியில வடிகட்டித்தான் கொடுப்பேன். வேணும்னா பாருங்க." வாளியைச் சாய்த்துக் காட்டினான். அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஜெபமலர் வாளியைப் பார்த்தாள். பிறகு செல்வமணியின் சீட்டை எடுத்து எண்களைப் பார்த்தாள். மறுபடியும் வாளியைப் பார்த்தாள். ரப்பரை அவிழ்த்துவிட்டாள்.

"அண்ணே, தப்பா எடுக்காதீங்க. இந்த மூணு நம்பரும் இந்த அக்காக்க நோய் இல்ல. நீங்க பிசைஞ்ச சோறாக்கும்."

"சோறு இல்லையே தாயி."

"பல்லுல படாட்டாலும் சோறு சோறுதானே. கரைச்சுக் குடிச்சா இன்னும் வேகமா ரத்தத்துல ஏறும். அதை நாங்க வெறும் வயித்து நம்பருன்னு எழுதியாச்சு. எழுதினதப் பாத்து டாக்டர் மாத்திரையக் கூட்டியாச்சு. மாத்திரை அதுக்க வேலைய தெனமும் பாக்குது. மத்தியானச் சோத்தயும் நீங்க கொறச்சாச்சு. பின்ன வேலை செய்யுத எடத்துல விழாம என்ன செய்வா?"

வீரபாண்டிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவனுக்குச் சுவராகத்தான் புரிந்தது. தூக்குக்குண்டை ஒருத்தன் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நேராக நின்ற சுவரைக் கோணல் என்று சொல்லி மாதாமாதம் இடித்திருக்கிறார்கள். தள்ளிப் பிடித்த கை அவனுடையது.

வாளியை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி மூடினான்.

"நான்தான் இவளை விழத் தட்டியிருக்கேன்" என்றான்.

"அவுகள ஒண்ணும் சொல்லாதீங்கம்மா" என்றாள் செல்வமணி. "எனக்கே பாதி நாள் வேண்டாம்னுதான் இருக்கும். எனக்கு முந்தி எந்திரிச்சுப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கிற மனுசன்கிட்ட எப்படி வேண்டாம்னு சொல்ல?"

ஜெபமலர் சீட்டை மேசைமேல் வைத்தாள். "குத்தம் உங்க ரெண்டு பேருக்கும் இல்ல. நாங்களும் ஒருநாளும் ஒழுங்காக் கேக்கல்ல" என்றாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். இத்தனை வருஷமாக வரிசையைப் பார்த்து அவள் கேட்டது, சாப்பிட்டீர்களா என்ற ஒன்றைத்தான். எல்லோரும் இல்லை என்பார்கள். யாரும் பொய் சொன்னதில்லை. இப்போது வேறு மாதிரி கேட்டாள்.

"விடிஞ்சதுல இருந்து வாய் வழியா என்னெல்லாம் உள்ள போச்சு? அத மட்டும் செல்லுங்க." மலையாளத்திலும் ஒரு தடவை கேட்டாள்.

 மீன்கூடையோடு நின்ற ஒருத்தி, பாலில்லாத கட்டன் சாயா மட்டும் என்றாள். சீனி போட்டா? போடாமல் எப்படிக் குடிப்பது? அவளுக்குப் பின்னால் நின்றவள் கஞ்சித் தண்ணீர். ஒரு பென்ஷன்காரர் பல்லில்லாத வாயால், இரண்டு ரஸ்க், அதுவும் நனைத்துத்தான் என்றார். நெற்றியில் சந்தனம் வைத்திருந்த அம்மாள் ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, "பகவானோட பிரசாதம். ஒரு ஸ்பூன் பாயசம். அது சாப்பிடறதிலே சேருமா?" என்று கேட்டாள்.

ஒன்பது பேர் வரிசையை விட்டு விலகி நின்றார்கள். ஜெபமலர் "கர்த்தாவே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு, தலையில் கை வைத்து நின்றாள். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட ஆள் அனுப்பினாள்.

செல்வமணியிடம், "அக்கா நாளைக்கு வரணும். தெனக்கூலி வேலைக்குப் போக வேண்டியவங்கள முதல்ல எடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேக்கேன். ஏழு மணிக்கு முன்ன உங்களுக்கு எடுத்துருவேன். ஆனா ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது" என்றாள். வீரபாண்டியின் பக்கம் திரும்பினாள். "வாளிய நீங்க கொண்டு வாங்க அண்ணே. ஊசி வெளிய வந்த உடனே குடிக்கட்டு. அதுவரைக்கும் மூடியத் தொறக்கப்புடாது."

மறுநாள் விடியற்காலை வழக்கம்போல வீரபாண்டிக்கு முழிப்பு வந்தது. கை தானாகவே சோற்றுப் பானைக்குப் போயிற்று. உப்புப் போட்டான், வெங்காயம் நசுக்கினான், வாளியில் ஊற்றி மூடினான். பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல் நின்றான். சொம்பு கவிழ்ந்தபடியே இருந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இப்படித்தான் சொம்பு கவிழ்ந்திருந்தது.

செல்வமணி தலையை முடிந்துகொண்டே அவனைப் பார்த்தாள். அவள் அதைப் பற்றிப் பேசாத வருஷமும் அதே பதினாலுதான்.

"அன்னைக்கு மணல் சட்டி இருந்துச்சு" என்றாள். "இன்னைக்குக் கையை வீசிக்கிட்டுத்தான வாரேன். நடங்க."

அவனும் ஒன்றும் குடிக்கவில்லை. அவள் கேட்டதற்குப் பசி இல்லை என்றான். மடியில் சீனிப் பொட்டலம் இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்க்கச் சொன்னான். கரமனைப் பாலத்தில் ஏறும்போது கேட்டான்.

"வேர்க்கா?"

"இல்ல."

கிள்ளிப்பாலம் தாண்டும்போது மறுபடியும் கேட்டான்.

"நீங்க கேக்குறதுலதான் வேர்க்கு."

அவன் கேட்பதை நிறுத்திக்கொண்டு, அவள் கையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். கை ஆடவில்லை. எதிரே வந்த சைக்கிளில் இடித்துக்கொள்ளப் பார்த்தான். செல்வமணி அவன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அதற்குப் பிறகு விடவில்லை. ஊர் முழுக்கப் பார்க்கிற ரோட்டில் புருஷன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்து அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் விடவில்லை.

ஜெபமலர் சொன்னபடியே செய்தாள். ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஊசி ஏறி இறங்கியது. பஞ்சு வைப்பதற்குள் வீரபாண்டி வாளியின் மூடியைத் திறந்துவிட்டான். செல்வமணி நின்றபடி குடித்தாள்.

"பருக்கை கெடக்கு" என்றாள்.

"இன்னைக்குப் பிசையல. மென்னு தின்னு."

நூற்று இருபத்து நாலு என்று தாள் வந்தது. டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்தார். ஊசி வேண்டாம், இனி காலையில் ஒரு மாத்திரை போதும், ராத்திரி வேண்டாம், பத்து மணிக்கு ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்க்கலாம் என்றார். அந்த மலையாளத் தாளை ஜெபமலர் வாங்கி, ஆப்பிளையும் ஓட்ஸையும் ஒரு கோடு போட்டு அடித்தாள். தாளைத் திருப்பி, டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதினாள். நீச்சத்தண்ணி ஒரு சொம்பு, மாத்திரையோடு, சோறு ஒரு பிடி. பத்து மணிக்கு அவித்த பயறு இரண்டு கை. மத்தியானம் சோறு இவ்வளவு என்று எழுதப் போனவள், "வீட்டுல எந்தப் பாத்திரம் இருக்கு?" என்று கேட்டாள்.

செல்வமணி யோசித்தாள். "ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கு. கனமா இருக்கும்."

"அப்ப அதுல ஒரு டம்ளர்."

வெள்ளிக்கிழமை ஸ்ரீவராகத்தில் நேசையன் அந்தத் தாளை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தார். "ஊசி இல்ல?"

"இல்ல அண்ணாச்சி. ஆனா பத்து மணிக்கு அவ எறங்கித் தின்னணும்."

"கான்கிரீட் போடுத நாளும் எறங்கணுமா?"

"கான்கிரீட் நாளும்."

நேசையன் மேலே சாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "ரெண்டாம் பலகை வரைக்கும் ஏறட்டு. மூணாம் பலகைக்கு நீ எறங்கி வந்து வாங்கணும், கேட்டியா? ரெண்டு வாரம் பாப்போம்." போகிற போக்கில், "என்னதான் பயறு, சிறுபயறா?" என்று கேட்டார். அவருக்கும் காலையிலிருந்து ஒரு கட்டன் சாயாதான் உள்ளே போயிருந்தது.

வீரபாண்டி ஏறினான். செங்கல்லில் இரண்டு தட்டு தட்டினான். சட்டி வந்தது, இறுக்கமாக, இடது கைப்பக்கம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரின் நிழல் பின்வாசல் படியைத் தொடும்போது பத்து மணி. தொட்டதும் கரண்டியால் மூன்று தட்டு தட்டினான்.

கீழே ஒரு சத்தமும் இல்லை. மறுபடி மூன்று தட்டினான்.

"ஏட்டி, கேக்கலையா?"

"கேட்டுச்சு. கலவை காஞ்சிரும், இந்த ஒரு சட்டி."

"காயட்டும்."

அவன் இறங்கி வந்தான். பின்வாசல் நாற்காலியில் இருந்த சரஸ்வதியம்மாள், மணி பத்தாகி நாலு நிமிஷம் ஆச்சு என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். செல்வமணி மணல் குவியலின் நிழலில் உட்கார்ந்து, அந்த டம்ளரில் இருந்த பயற்றை எடுத்து ஒவ்வொன்றாக மென்றாள். வீரபாண்டி எதிரே குந்தி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி எறங்கும்? இந்தாங்க" என்று ஒரு கை அள்ளி நீட்டினாள்.

அவன் சிமென்ட் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டான்.